ஒரு குழந்தை இறந்தால் யார் கேள்வி கேட்பது?



ஊரில் ஒரு சின்னக் குழந்தை திடீர்னு இறந்துபோனா நாம் என்ன செய்கிறோம்? அழுகிறோம், அடக்கம் செய்கிறோம், "விதி அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைந்து போகிறோம். அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று உட்கார்ந்து கேட்பதற்கென்றே அமெரிக்காவில் குழுக்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

எப்படி ஆரம்பித்தது?

முதல் குழு 1978-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தொடங்கியது. வீட்டில் அடிபட்டோ, கவனிப்பில்லாமலோ இறந்த குழந்தைகளில் பலருடைய சாவு "தவறி விழுந்தது", "நோய்" என்றே பதிவாகி வந்தது. டாக்டருக்குக் காயம் தெரியும். போலீசுக்கு வீட்டுச் சண்டை தெரியும். குழந்தைகள் நலத் துறைக்குப் பழைய புகார் தெரியும். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசவில்லை. நம்ம குழுவில் சேமிப்பு நோட்டு ஒருத்தர்கிட்ட, கடன் நோட்டு இன்னொருத்தர்கிட்ட, பேங்க் பாஸ்புக் வேறொருத்தர்கிட்ட இருந்து, மூணு பேரும் கூட்டத்துக்கே வரலைன்னா கணக்கு எப்படித் தெரியும்? அங்கேயும் அதே கதைதான்.

மிசௌரி மாநிலத்தில் 1983 முதல் 1986 வரை இறந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். கொடுமையால் நேர்ந்த சாவுகள் பல அப்படிப் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. 1991-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டு மாவட்டந்தோறும் ஆய்வுக் குழு அமைத்தது.

குழுவில் யார் யார்?

பிரேதப் பரிசோதனை அதிகாரி, குழந்தை மருத்துவர், போலீஸ், அரசு வக்கீல், குழந்தைகள் நலத் துறை ஊழியர், சுகாதாரத் துறையினர் ஆகியோர் இருப்பார்கள். தண்டனை கொடுப்பது இவர்கள் வேலை இல்லை. அது கோர்ட்டு வேலை. இவர்கள் கேட்பது இதுதான்:

* இதற்கு முன் புகார் வந்ததா? வந்திருந்தால் யார் போய்ப் பார்த்தார்கள்?
* காயத்தைப் பார்த்தவர்கள் யாரிடம் சொன்னார்கள்?
* அடுத்த குழந்தைக்கு இப்படி நேராமல் இருக்க எதை மாற்ற வேண்டும்?

இதுபோக, 1996-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பொதுமக்கள் மேற்பார்வைக் குழுக்களும் உண்டு. சம்பளம் வாங்காத சாதாரண மக்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடி, குழந்தைகள் நலத் துறையின் வேலையைப் பரிசீலிக்கிறார்கள். வருடா வருடம் அறிக்கை தருகிறார்கள். அதற்கு மாநில அரசு எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். குடும்பத்தின் பெயரை உறுப்பினர்கள் வெளியே சொல்லக்கூடாது.

என்ன தெரிய வந்தது?

கொடுமையாலும் கவனிப்பின்மையாலும் இறப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள். அந்தப் பிஞ்சுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாததால் டீச்சர் கண்ணிலும் படாது. இன்னொரு முக்கியமான விஷயம்: ஒரு முறை புகார் வந்த குழந்தைக்கு, அந்தப் புகார் நிரூபணமாகாவிட்டாலும், பின்னால் உயிர் ஆபத்து அதிகம். அதனால் "சும்மா புகார்" என்று எதையும் ஒதுக்கக்கூடாது என்கிறார்கள்.

குறையும் இருக்கிறது. குழுவின் பரிந்துரையை அரசு நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2022-லும் அந்த நாட்டில் சுமார் 2,000 குழந்தைகள் இப்படி இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் குழந்தை இறப்பு ஆய்வுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2014-ல் வெளியிட்டது. அது பெரும்பாலும் மருத்துவக் காரணங்களையே பார்க்கிறது. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை முதலில் பார்ப்பது அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம்தான். "அடுத்த வீட்டு விவகாரம், நமக்கேன் வம்பு" என்று இருந்துவிட்டால், செத்த பிறகு எத்தனை குழு கூடினாலும் போன உயிர் வராது.

குழந்தை உடம்பில் அடிக்கடி காயம், சூடு, காரணமில்லாத மெலிவு தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. உங்கள் பெயர் வெளியே போகாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் தெருவில் கவனிப்பில்லாத குழந்தை யாராவது உண்டா?
2. 1098 எண் எல்லா உறுப்பினருக்கும் தெரியுமா?
3. தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய்க்கு நம் குழு எப்படிக் கைகொடுக்கலாம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுத மறக்காதீர்கள்.