தோள்சீலையும் சமத்துவமும்

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்பாகவும் சபையார் அனைவரின் முன்பாகவும் வந்து நின்று, ஆண்மக்கள் இல்லாது மரித்த தங்கள் தகப்பனின் சுதந்தரத்தில் பங்கு கேட்கின்றனர். அவர்களுக்காக வேறொருவர் பேசவில்லை, அவர்களே பேசினர். அவர்கள் கேட்டதன் பயனாக இஸ்ரவேலின் சட்டமே மாற்றம் பெற்றது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று அவர்களுடைய பெயர்களையும் திருமறை மறவாது குறித்து வைத்திருக்கிறது.

நம் நாட்டின் தென்கோடியில், பழைய திருவிதாங்கூர் அரசில், பெண்கள் தொடுத்த இத்தகைய வழக்கு ஒன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடைபெற்றது. அதனை நாம் தோள்சீலைப் போராட்டம் என்று வழங்குகிறோம். 2023 மார்ச் 6ஆம் நாள் நாகர்கோவிலில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் முதலமைச்சர்களும் கலந்துகொள்ள, அதன் 200ஆம் ஆண்டு நினைவு விழா நடைபெற்றது. எனினும் அப்போராட்டத்தின் பொருள் நம் சபைகளில் சரியாக உணரப்பட்டிருக்கிறதா என்பது ஐயமே. அதைப்பற்றி வினவினால், மிஷனெரிமார் நம் பெண்களுக்கு மேலாடை கொடுத்தனர் என்ற விடையே சபையாரிடமிருந்தும் இறையியல் மாணவரிடமிருந்தும் பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடையில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கொடுக்கப்பட்டது எது, கேட்கப்பட்டது எது என்று பிரித்து அறிவது அவசியம்.

ஆடையும் படிநிலையும்

அக்காலத் திருவிதாங்கூரில் ஆடை என்பது ஒருவரின் சாதிப் படிநிலையைக் காட்டும் அடையாளமாக இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதியாராகக் கருதப்பட்டோர், ஆணாயினும் பெண்ணாயினும், இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தலாகாது. நாடார் மக்கள் குடை பிடிக்கவும், மிதியடி அணியவும், பொன் நகை பூணவும் தடை இருந்தது. அவர்களுடைய பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதும் தடுக்கப்பட்டிருந்தது. உயர்ந்தோர் முன் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்பது அச்சமுதாயத்தின் விதி. நாயர் பெண்களும் நம்பூதிரிகளின் முன் அவ்வாறே செய்ய வேண்டியிருந்தது. ஆகவே மேலாடையின்மை வறுமையின் விளைவன்று, அறியாமையின் விளைவுமன்று. கீழ்ப்படிதலை உடலிலேயே எழுதிக் காட்டும் ஏற்பாடு அது.

குப்பாயம் வேறு, தோள்சீலை வேறு

இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியம் 1806இல் ரிங்கல்தௌபே ஐயரால் மயிலாடிப் பகுதியில் தொடங்கியது. பின்னர் மீட் ஐயரும் மால்ட் ஐயரும் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு உழைத்தனர். மால்ட் அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியதோடு, அப்பகுதியில் ரேந்தை என்று வழங்கும் லேஸ் பின்னலையும் கற்பித்தார். எழுத்தறிவும் கைத்தொழிலும் அதனால் வந்த சிறு வருமானமும் பெண்களுக்குப் புதிய நிமிர்வைத் தந்தன.

திருவிதாங்கூரின் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று 1812இல் அனுமதி அளித்தார். எதிர்ப்பு எழுந்தபோது அவ்வனுமதி சுருக்கப்பட்டது. 1814ஆம் ஆண்டு ஆணையின்படி, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் அணிந்த குப்பாயம் என்னும் சட்டையை அவர்கள் அணியலாம். நாயர் பெண்களைப்போல் தோளின்மேல் சீலை போடலாகாது. உடல் மூடப்பட்டுவிட்டது, நாணம் காக்கப்பட்டுவிட்டது. வேண்டியது அவ்வளவே எனில் போராட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பெண்கள் குப்பாயத்தை அணிந்துகொண்டு, அதன்மேல் தடைசெய்யப்பட்ட தோள்சீலையையும் போட்டுக்கொண்டனர். இக்கட்டுரையின் மையம் இச்செயலே. மூடுவதற்காக மட்டும் அவர்கள் அதை அணியவில்லை. அதற்குக் குப்பாயமே போதும். பிறர் அணிவதைத் தாங்களும் அணியலாம் என்பதற்காக அணிந்தனர். மிஷனெரிமாரின் விண்ணப்பங்களில் நாணமும் கிறிஸ்தவ ஒழுக்கமும் முன்னிறுத்தப்பட்டன. பெண்களின் தோள்களிலோ சமத்துவம் கிடந்தது.

அரை நூற்றாண்டுப் போராட்டம்

இதன் விலை பெரிது. 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தோள்சீலை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டனர். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1827 முதல் கலகம் மீண்டும் மூண்டது. சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. ஜெபாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1829 பெப்ரவரி 3ஆம் நாள் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு தோள்சீலையைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டது. பெண்கள் மறுபடியும் 1814ஆம் ஆண்டின் எல்லைக்குள் தள்ளப்பட்டனர்.

சட்டம் பின்னோக்கிச் சென்றாலும் வழக்கம் பின்னோக்கிச் செல்லவில்லை. கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களும் மேலாடை அணியத் தொடங்கினர். சாமித்தோப்பில் ஐயா வைகுண்டரைப் பின்பற்றிய ஆண்கள் தலைப்பாகை கட்டித் தலைநிமிர்ந்தனர். 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது, பழைய ஒழுங்கு குலைகிறதே என்ற அச்சத்தை ஆதிக்க சாதியாரிடம் மிகுதியாக்கியது. 1858ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மூன்றாம் முறையாகக் கலகம் வெடித்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் தலையிட்டு வற்புறுத்தியதன் பேரில், உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26ஆம் நாள் புதிய பிரகடனம் வெளியிட்டார்.

அப்பிரகடனத்தை நாம் வெற்றி என்று கொண்டாடுவது முறையே. எனினும் அதன் வாசகத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். எம்மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி கட்டிக்கொள்ளலாம். எவ்விதத்திலும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தலாகாது என்பதே அதன் பொருள். 45 ஆண்டுகளுக்குப் பின்னும் அரசு நாணத்தைத்தான் வழங்கியது. சமத்துவத்தை நிறுத்தியே வைத்தது. எஞ்சியதை எந்தப் பிரகடனமும் தரவில்லை. பெண்கள் நாள்தோறும் உடுத்தி உடுத்தியே அந்த விதிவிலக்கைச் செல்லாததாக்கினர்.

இதனை ஒரு சாதியின் பெருமையாகச் சுருக்கிவிடலும் தகாது. புலையர், பறையர் பெண்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. அடிமைத்தனத்தின் சின்னமாக அணியப்பட்ட கல்மாலைகளைப் புலையப் பெண்கள் கொல்லத்தில் பலர் காணக் கழற்றி எறிந்தது 1915ஆம் ஆண்டிலேயே. அய்யன்காளி அழைத்தார், பெண்கள் கழற்றினர்.

திருச்சபைக்கு உரிய கேள்வி

ஆதியாகமம் 3:21இல் கடவுள் மனிதரின் வெட்கத்தை மூட உடை செய்து உடுத்துகிறார். அது இரக்கத்தின் செயல். 1:27இலோ ஆணும் பெண்ணும் ஒருங்கே கடவுளின் சாயலில் படைக்கப்படுகின்றனர். அது மதிப்பின் பிரகடனம். மிஷனெரிமார் முதல் வாக்கியத்தை ஏந்தி இரக்கத்தோடு உழைத்தனர். அவர்களுடைய உழைப்பை நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். எழுத்தறிவில் குறைந்த அப்பெண்களோ மற்ற வாக்கியத்தைத் தங்கள் தோளில் ஏந்தினர். இறையியலில் அவர்களே ஒரு படி முன் நின்றனர் என்று கூற நாம் தயங்கவில்லை.

பெண்கள் கேட்பது ஒன்று, கொடுக்கப்படுவது அதனினும் குறைந்தது என்னும் நிலை பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதனையே வழங்கியது. மேரி ராய் அம்மையார் வழக்குத் தொடர்ந்து, 1986இல் உச்ச நீதிமன்றத்தில் சம உரிமையை நிலைநாட்டினார். செலோப்பியாத்தின் குமாரத்திகளைப்பற்றிப் பிரசங்கித்து வந்த சபைகள் யாவும் அத்தீர்ப்பை மகிழ்ச்சியோடு வரவேற்றன என்று சொல்வதற்கில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயராக அருட்பொழிவு செய்தது. இவற்றிற்காகக் கடவுளைத் துதிக்கிறோம். எனினும் நாம் ஊழியம் செய்த சபைகளை எண்ணிப் பார்க்கையில் ஒரு காட்சி கண்முன் வருகிறது. அசனத்திற்குக் காய்கறி நறுக்குபவர் பெண்கள். வீடு வீடாகச் சென்று காணிக்கை சேர்ப்பவர் பெண்கள். நோயாளிகளைச் சந்திப்பவரும் பெண்கள். சேகரக் கமிட்டி கூடும்போதோ, கணக்கு வாசிப்பவரும் கேள்வி கேட்பவரும் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்குத் தனிச் சங்கமும், தனி ஞாயிறும், பாராட்டும் கொடுத்திருக்கிறோம். இவை குப்பாயம். அவர்கள் கேட்பது தோள்சீலை என்றால் நம் மறுமொழி என்ன?

இறுதியாக ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிபட்டும் தோள்சீலையைக் கழற்றாத பெண்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் அரசு ஆவணங்களில் இல்லை. ஆனால் அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருமணம் செய்தவர்கள், கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். தென் திருவிதாங்கூரின் பழைய சபைகளில் ஊழியம் செய்வோர் தங்கள் பதிவேடுகளைத் திறந்து, 1820ஆம் ஆண்டுக்குப் பின் வரும் பெண்களின் பெயர்களை ஒரு ஞாயிறு ஆராதனையில் உரக்க வாசிப்பார்களாக. மூதாட்டிகள் தங்கள் பாட்டியரிடம் கேட்டறிந்தவற்றை எழுதி வைப்பார்களாக. ஐந்து பெண்களின் பெயர்களைக் காத்து வைத்த திருமறையை வாசிக்கும் சபைக்கு இது தகும்.