நால்வர் எழுதும் நிரலுக்கு ஒரு நெறி

முலுண்ட் நிலையத்தில் நின்று தண்டவாளத்தைச் சற்று நோக்குங்கள். 1853ஆம் ஆண்டு போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடிய வழி இது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குலம். நம் பாட்டனார் திருநெல்வேலியில் ஏறிய வண்டியோ மீட்டர் பாதையில் வந்தது. எழும்பூரோடு அது நின்றுவிடும். பெட்டியும் படுக்கையும் பிள்ளையுமாகச் சென்ட்ரலுக்குப் போய், அகலப் பாதை வண்டியில் இடம் பிடித்துத்தான் அவர்கள் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். எந்தப் பாதை சிறந்தது என்பதல்ல கேள்வி. பாதை இரண்டாக இருந்ததே சுமை. அச்சுமையை இறக்கத்தான் பாதைகளை ஒரே அகலமாக்கும் பெருந்திட்டத்தை இந்திய ரயில்வே 1992இல் தொடங்கியது.

கணினி நிரல் எழுதும் நாமும் இன்று அத்தகைய சுமை ஒன்றைச் சுமக்கிறோம். எப்படி என்கிறீர்களா? எங்களுக்கு நேர்ந்ததையே கூறுகிறேன்.

பழைய பாடநூல்களை மாணவர்கள் தமக்குள் இரவல் தருவதற்காக நாங்கள் நால்வர் ஓர் இணையதளம் அமைத்தோம். வரியின் தொடக்கத்தில் ஒருவர் இரண்டு இடம் விடுவார். மற்றவர் நான்கு விடுவார். ஒருவருக்கு ஒற்றை மேற்கோள் குறி; இன்னொருவருக்கு இரட்டை. அவரவர் பழக்கம் அவரவர்க்கு அழகு! ஒரு நாள் முதலாண்டு மாணவி ஒருத்தி, தான் முன்பதிவு செய்த நூலைத் தளத்தில் தேடினாள். அவள் பெயர் 'கோ' என்னும் எழுத்தில் தொடங்குவது. "பதிவு இல்லை" என்றது தளம். நூல் வேறொருவர் கைக்குப் போயிற்று. தேர்வுக்கு மூன்றே நாள். அவள் வெறுங்கையோடு திரும்பினாள். பிறகு நாங்கள் பட்டியலைத் திறந்து பார்த்தால், அவள் பெயர் அங்கேயே இருக்கிறது!

காரணம் என்ன? யூனிகோட் முறையில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று; இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் சிறு செயற்கூறு ஒன்றை நாங்கள் முன்பே எழுதி வைத்திருந்தோம். ஆனால் அதை அழைக்கும் வரி மறைந்து போயிருந்தது.

எங்களுள் இளையவன் ஒருவன் முந்திய வாரம் ஒரு கோப்பைத் திருத்தினான். அவன் மாற்ற எண்ணியது இரண்டு வரி. ஆனால் அவனுடைய எழுதுகருவி கோப்பு முழுவதின் இடைவெளியையும் மாற்றிவிட்டதால், நானூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் மாறியதாகத் திரையில் தோன்றின. அந்தக் கூட்டத்துக்குள்ளே ஒரு வரி கைதவறி நீங்கியிருந்தது. சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் தந்தேன். பழி மட்டும் அவன் மேல் விழுந்தது. அவன் வருவதையே நிறுத்திவிட்டான்.

இத்தகைய இடர்களைத் தடுக்க இருவகைக் கருவிகள் உள்ளன. இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது.

முதலாவது வடிவம் திருத்தும் கருவி. 2017இல் ஜேம்ஸ் லாங் வெளியிட்ட 'பிரிட்டியர்' இவ்வகையது. இடைவெளி, மேற்கோள் குறி, வரியின் நீளம் ஆகியவற்றை அது தானே சீர்படுத்தும். நிரலின் பொருளில் கை வைக்காது. நால்வர் எழுதினாலும் ஒருவர் எழுதியது போன்ற தோற்றம் கிடைக்கும். ஆகவே, மாறியது இரண்டு வரி என்றால் திரையிலும் இரண்டே வரிதான் தெரியும்.

இரண்டாவது பிழை காட்டும் கருவி. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கென ஒன்றை ஆக்கி, அதற்கு 'லிண்ட்' என்று பெயரிட்டார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துணுக்கு என்று பொருள். பஞ்சாலை கண்ட பம்பாய்வாசிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ! ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு நிக்கோலஸ் சக்காஸ் 2013இல் 'ஈ.எஸ்.லிண்ட்' கருவியைத் தொடங்கினார். கொண்டுவந்தும் பயன்படுத்தாத செயற்கூறு இருந்தால் அது சுட்டிக் காட்டும். எங்கள் கோப்பில் நடந்ததும் அதுவே அன்றோ! அந்த ஒரு விதி இருந்திருப்பின் அம்மாணவி நூலோடு சென்றிருப்பாள்.

இனி, நாங்கள் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நால்வரும் ஒருமுறை கூடி விதிகளை முடிவு செய்தோம். அவற்றைக் கோப்பாக்கி நிரலோடு சேர்த்தோம். கருவிகளின் பதிப்பு எண் எல்லோரிடமும் ஒன்றாகவே இருக்குமாறு செய்தோம். பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் சீர்படுத்தித் தனி மாற்றமாகப் பதிந்தோம். அதனோடு வேறு திருத்தம் எதையும் கலக்கவில்லை. இறுதியாக, பொதுக் களஞ்சியத்தின் வாயிலிலும் அதே சோதனையை வைத்தோம். தன் கணினியில் மறந்தவரும் அங்கே தப்ப முடியாது.

கருவி எல்லாம் அறியுமா? அறியாது. 'ஔவை' என்பதைப் பலர் ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவை' என்று தட்டுகிறார்கள். 'கௌரி' என்பதும் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகிக் 'கெளரி' ஆகிவிடுகிறது. அப்படியானால் ஒற்றைக் கொம்பை அடுத்து ளகரம் வரும் இடத்தையெல்லாம் மாற்றச் சொல்லலாமா? சொன்னால் 'வெளி' என்னும் நல்ல சொல் கெட்டுவிடும்! ஆதலின் 'கோ' போன்றவற்றைக் கருவியே திருத்தட்டும். இவ்விடத்தில் ஐயம் மட்டும் எழுப்பட்டும். முடிவு செய்ய வேண்டியவர் தமிழறிந்த மனிதர்.

"விதி வந்தால் உரிமை போகுமே" என்று எங்களுள் ஒருவர் வாதிட்டார். நான் மறுத்தேன். விதியை வகுத்தவர்கள் நாமே. நாமே கூடி மாற்றவும் செய்யலாம். விதி இல்லாத இடத்தில் மூத்தவர் பழக்கமே விதியாகிறது. இளையவர் தலை குனிகிறார். கருவிக்கோ மூத்தவர் இளையவர் என்னும் வேறுபாடு கிடையாது. முதல் நாளே என் நிரலில் அது பதினொரு குறை கண்டது!

அன்று மாலையே தாராவிக்குச் சென்று அந்தத் தம்பியைக் கண்டேன். "தவறு என்னுடையதும்தான்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "'கோ'வைச் சரிபார்க்கும் விதியை நான் எழுதட்டுமா, அண்ணா?" என்று கேட்டான்.

இன்று எங்கள் தளத்தைக் காப்பது அவன் எழுதிய விதியே. நண்பர்களே, அடுத்த நிரலைத் தொடங்கும்போது முதல் வரிக்கு முன்னே விதியை எழுதுங்கள்!