நோயைக் காட்டிக் கொடுத்த காடி!

காடி என்றால் வேறு ஒன்றும் இல்லை. ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே, வினிகர், அதுதான். அதில் உள்ள அமிலத்தோடு 2000-ம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களுக்கு நர்சுகள் போனார்கள்.

எதற்கு?

கருப்பை வாயில் வரும் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்க!

அமிலத்தைக் கருப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுப்பார்கள். கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். திட்டு சிறியது என்றால் கடுங்குளிரூட்டி அழித்து விடலாம். கத்தி வேண்டாம்.

30 முதல் 59 வயது வரை உள்ள 49 ஆயிரத்து 311 பெண்களுக்கு அழைப்பு. வந்தவர்கள் 31 ஆயிரத்து 343 பேர்தான். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று சொல்லும் பெண்கள் எந்த ஊரில் இல்லை? வெட்கம் வேறு! ஆனால் இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. அதுதான் ஆபத்து.

2007-ல் முடிவு வெளிவந்தது. சோதனை நடக்காத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் இந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைவு! ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே இந்தப் பலன்.

நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. ஆண்-பெண் உறவால் தொற்றுவது. இதற்குத் தடுப்பு ஊசி இருக்கிறது. 9 வயது முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.

"சின்னப் பெண்ணுக்கு இந்த ஊசி எதற்கு?" என்று பாட்டி கேட்பார். கிருமி வந்த பிறகு போட்டால் அந்தக் கிருமியை ஊசி விரட்டாது, பாட்டி!

ஊசி போட்டுக்கொண்ட பெண்களும் 30 வயதானதும் சோதனைக்குப் போகவேண்டும்.