புதுவெள்ளமும் மீன்களின் செவியும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் வழியாய் ஓடும் மணிமுக்தா நதி, கல்வராயன் மலையில் உற்பத்தியாகி, கூடலையாற்றூர் அருகே வெள்ளாற்றுடன் கலக்கிறது. மழை பெய்து புதுவெள்ளம் வந்தவுடன் கெண்டை, கெளுத்தி முதலிய சினைமீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் ஏறுவதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். கலங்கிய நீரில் கண்ணால் பயன் அதிகமில்லை. அவை வழியறிவது எங்ஙனம்?

புதுநீரின் வாசனை ஒரு துணை. நீரின் இழுப்பை உணரும் விலாக்கோடு மற்றொரு துணை. இவற்றுடன் ஓசையும் வழிகாட்டக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் சிலருடைய அபிப்பிராயம். ஓசை காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரமும், நீரில் சுமார் 1,500 மீட்டர் தூரமும் செல்லும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் வெளிச்செவி இல்லை. ஆயினும் அவற்றின் காற்றுப்பை ஓசையினால் அதிரும்போது, சிற்றெலும்புகளின் தொடர் ஒன்று அவ்வதிர்ச்சியை உட்செவிக்குக் கொண்டுசேர்க்கிறது. இவ்வெலும்புகளை 1820ல் வேபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் விவரித்தார். கண்ணில்லாத கெளுத்தி இன மீனொன்று சீழ்க்கையொலி கேட்டு இரைக்கு வரப் பழகியதைக் கார்ல் வான் ஃபிரிஷ் 1923ல் வெளியிட்டார். ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளின் ஓசையை ஒலிக்கச் செய்த செயற்கைத் திட்டுகளுக்குக் கடலின் இளமீன்கள் மிகுதியாய் வந்தன என்பது 2005ல் வெளியான ஆராய்ச்சியின் முடிவு.

ஆற்றிலும் இடத்துக்கிடம் ஓசை வேறுபடும். ஆழ்ந்த மடு அமைதியாயிருக்கும்; கூழாங்கல் மேல் பாயும் நீர் சலசலக்கும்; கலிங்கில் விழும் நீர் இரையும். ஆழமற்ற நீரில் தாழ்ந்த ஓசை நெடுந்தூரம் செல்லாது. ஆகையால் ஓசை உதவுவது பெரும்பாலும் அண்மையில்தான் என்று கொள்ளலாம். ஆற்றுமீன் ஓசையைக் கொண்டே சினையிடுமிடம் சேர்கிறது என்பது இன்னும் திட்டமாய் நிரூபிக்கப்படவில்லை.

எக்காரணத்தினாலாயினும், ஏறிவரும் மீன் அணைக்கட்டின் சுவரைத் தாண்டமாட்டாமல் அதன் கீழே திரளுகிறது. பறியும் வலையும் அவ்விடத்திலேயே வைக்கப்படுகின்றன. பெருங்கெண்டை இனங்களில் சினைமீன் ஒன்றே லட்சக்கணக்கான முட்டைகளைத் தாங்கும். அதனை அன்று பிடிப்பவர் ஒரு வேளைக் குழம்புக்காக மறு வருஷத்து மீன்பாசிக் குத்தகையையே குறைத்துக்கொள்கிறார். ஆகவே, புதுவெள்ளத்தின் முதற் சில நாட்களில் கலிங்கிலும் மதகிலும் பறி வைக்காதிருப்பதும், ஓடைவாய்களை அடைக்காமல் விடுவதும் நலம். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதை 1897ம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு அறிவிப்பது நன்று.