தமிழ்நாட்டில் இயந்திரப் பொறியியல் முதுநிலைப் படிப்பு

இயந்திரப் பொறியியல் முதுநிலைப் படிப்பு என்பது, நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் அத்துறையின் ஒரு கிளையை ஆழமாகக் கற்கும் ஈராண்டுப் பட்டப்படிப்பாகும். அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இதற்கு எம்.இ. பட்டம் வழங்குகின்றன. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்கள் வழங்கும் பட்டம் எம்.டெக். ஆகும். பெயர் வேறானாலும் இரண்டும் ஒரே நிலையில் மதிக்கப்படுகின்றன. பாடங்களைவிட ஆய்வுக்கு முதன்மை தரும் எம்.எஸ். பட்டமும் சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் உண்டு.

வரலாறு

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி, 1894-இல் இயந்திரப் பொறியியல் படிப்பைத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி (1951), சென்னை ஐ.ஐ.டி. (1959), திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரி (1964) ஆகியவை உருவாயின. திருச்சிக் கல்லூரி 2003-இல் என்.ஐ.டி. ஆனது. அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் நிறுவப்பட்டது. பின்னர் தனியார் பொறியியல் கல்லூரிகள் சிற்றூர்கள் வரை பரவின. அவற்றில் பாடம் நடத்த எம்.இ. முடித்தவர்கள் தேவைப்பட்டதால் முதுநிலைப் படிப்பும் பெருகியது.

இளநிலையிலிருந்து வேறுபாடு

இளநிலையில் துறையின் எல்லாக் கிளைகளும் அறிமுகமாகின்றன. முதுநிலையில் வெப்பப் பொறியியல், பொறியியல் வடிவமைப்பு, உற்பத்திப் பொறியியல், கேட்-கேம், தொழிலகப் பொறியியல், மெக்கட்ரானிக்ஸ் போன்ற கிளைகளில் ஒன்றைத் தேர்ந்து படிக்க வேண்டும்.

அனல் மின்நிலையக் கொதிகலனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நீராவிச் சுழற்சியின் திறனைக் கணக்கிட பி.இ. மாணவர் கற்கிறார். நீராவியின் வெப்பமும் அழுத்தமும் கூடினால் திறன் கூடும் என்பது அவருக்குத் தெரியும். நீரின் மாறுநிலைப் புள்ளி ஏறத்தாழ 374 பாகை செல்சியசும் 221 பார் அழுத்தமும் ஆகும். அதற்கு மேல் இயங்கும் கொதிகலன்களில், 600 பாகையை நெருங்கும் வெப்பத்தில் குழாயின் உலோகம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். இதைத் தவழ்வு என்பர். இதைத் தாங்க 9 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு பயன்படுகிறது. ஆனால் அந்த எஃகைப் பற்றவைக்கும்போது, பற்றுக்கு அருகே சூடேறிய பகுதி வலுக்குறைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே விரிசல் விடக்கூடும். குழாய் எத்தனை ஆண்டு தாங்கும், பற்றவைத்தபின் எந்த வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும் என்பவை முதுநிலை மாணவர் எடுத்துக்கொள்ளும் வகைக் கேள்விகள்.

கணினிப் பகுப்பாய்விலும் இதே வேறுபாடு உண்டு. மென்பொருளை இயக்கி வண்ணப் படம் எடுப்பது சில வாரப் பயிற்சியில் வந்துவிடும். அந்த விடையை நம்பலாமா, வலையமைப்பை நுணுக்கினால் விடை மாறுகிறதா, எல்லை நிபந்தனைகள் சரியா என்று தீர்ப்பதற்கே முதுநிலைக் கணிதம் தேவைப்படுகிறது.

படிப்பு நான்கு பருவங்கள் கொண்டது. முதல் இரண்டில் பாடங்களும் ஆய்வகமும் மிகுதி. பின் இரண்டில் திட்ட ஆய்வு பெரும் பங்கு வகிக்கிறது. பட்டத்தின் மதிப்பு பெரும்பாலும் இந்த ஆய்வைப் பொறுத்தது.

சேர்க்கை

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களில் சேர கேட் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் இதை முறைவைத்து நடத்துகின்றன. மூன்று மணி நேரத்தில் 65 வினாக்கள், மொத்தம் 100 மதிப்பெண்கள். இதில் 15 மதிப்பெண்கள் பொதுத் திறனுக்குரியவை. ஒரே சரியான விடை கொண்ட தெரிவு வினாக்களில் தவறாக விடையளித்தால் வினா மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். எண்ணை விடையாகத் தரும் வினாக்களுக்குக் கழிவு இல்லை. தேர்வு பிப்ரவரியில் நடைபெறும். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம்.

முடிவு வந்தபின் என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. கலந்தாய்வும் ஐ.ஐ.டி.களுக்கு கோப் இணையத்தளமும் உள்ளன. ஐ.ஐ.டி.களுக்கு அந்தந்த நிறுவனத்திலும் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள், இணைப்புக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு டான்கா கலந்தாய்வு நடக்கிறது. இதற்கு கேட் மதிப்பெண்ணோ மாநில நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோ தேவை. முன்பு டான்செட் தேர்வின் பகுதியாக இருந்த பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வு, 2023 முதல் சீட்டா-பி.ஜி. என்ற பெயரில் நடைபெறுகிறது.

உதவித்தொகை

எந்தத் தேர்வு வழியாகச் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து மாணவரின் பணநிலை மாறுகிறது. கேட் தகுதியுடன், ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தவர் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 24 மாதங்களுக்கு இது 2,97,600 ரூபாய் ஆகும். சேரும் நாளில் கேட் மதிப்பெண் செல்லுபடியாக இருக்க வேண்டும். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. மாணவர்களுக்கும் இதேபோன்ற உதவித்தொகை உண்டு. மாநில நுழைவுத் தேர்வு மட்டும் எழுதி அதே வகுப்பில், அதே பெஞ்சில் அமர்பவருக்கு இத்தொகை கிடையாது.

தமிழ்நாடு அரசின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்கு உரியது, முதுநிலைக்குத் தொடராது. பி.இ. படிப்பை அச்சலுகையால் முடித்த குடும்பங்கள் எம்.இ. கட்டணத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு.

இலுப்பூர், திருச்சி வட்டாரம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வட்டத் தலைநகர்களில் ஒன்றான இலுப்பூரில், மேட்டுச்சாலையில் மதர் தெரசா பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்துள்ளது. இலுப்பூருக்கு வடக்கே உள்ள திருச்சி, கொதிகலன் தொழிலின் மையம். திருவெறும்பூரில் 1960-களில் தொடங்கிய பெல் ஆலை உயர் அழுத்தக் கொதிகலன்களைச் செய்கிறது. அதன் வளாகத்திலேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பெல் ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் துவாக்குடியிலும் புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூரிலும் உள்ளன. துவாக்குடி என்.ஐ.டி.யில் வெப்ப மின் பொறியியல், தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் ஆகிய எம்.டெக். பிரிவுகள் உள்ளன. ஆகவே வெப்பம், பற்றவைப்பு, உற்பத்தி ஆகிய கிளைகளில் ஆய்வுக்குரிய பொருள் இவ்வட்டார மாணவருக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. புதிய அனல் மின்நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்தபோது இத்தொழிற்கூடங்கள் நலிவுற்றதையும் கிளையைத் தேர்பவர் கருத வேண்டும்.

மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு பெற மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. பி.சி., எம்.பி.சி. பிரிவினரில் மத்தியப் பட்டியலில் உள்ள சாதியினர், மத்திய அரசுப் படிவத்தில் நடப்பு நிதியாண்டுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழ் பெற வேண்டும். இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும். கலந்தாய்வு தொடங்கியபின் விண்ணப்பித்தால் காலம் போதாமல் போகலாம்.

வேலைவாய்ப்பு

பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். இயந்திரப் பொறியியலில் சேரும் மாணவர்கள் குறைந்ததால் இப்பணியிடங்களும் சுருங்கியுள்ளன. கற்பித்தலை மட்டும் நம்பி எம்.இ. சேர்வது முன்போல் உறுதியான வழி அன்று. வாகன, விண்வெளி, பாதுகாப்புத் துறைகளின் வடிவமைப்பு, ஆய்வுப் பிரிவுகளில் முதுநிலைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. முனைவர் பட்டத்துக்கும் இதுவே வழக்கமான படி.

என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணைக் கொண்டு பொறியாளர்களை எடுக்கும்போது பி.இ. பட்டமே போதுமானது. அதனால் கேட் எழுதுபவர் வேலைக்கும் படிப்புக்கும் ஒரே முயற்சியில் வழி திறக்கிறார். உயர்ந்த மதிப்பெண் வந்தால் வேலை, உதவித்தொகையுடன் படிப்பு என்ற இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். கேட் எழுதாமல், வேறு வேலை அமையவில்லை என்பதற்காக மட்டும் எம்.இ. சேர்பவர் ஈராண்டுச் செலவைத் தாமே ஏற்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் படிப்பு

செருமனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் பெற்றே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் வைத்துக் காட்டுவது வழக்கம். எனவே கட்டணம் இல்லை என்பதைச் செலவு இல்லை என்று கொள்ளக் கூடாது.