திரைப்படத்தின் பாயிரம்

ஒரு நூலைக் கற்கப் புகுவார்க்கு அதனை ஆக்கியோன் யாவன், அஃது எவ்வழி வந்தது, யாது பொருள் நுதலியது, யார் கேட்டற்குரியது என்பனவற்றை முதற்கண் அறிவித்தல் தமிழ்நூல் மரபாம். அவ்வாறு அறிவிக்கும் பகுதி பாயிரம் எனப்படும். நன்னூலுடையார் ஆக்கியோன் பெயர் முதலாய எட்டும், காலம், களம், காரணம் என்னும் மூன்றும் ஆகப் பதினொரு செய்திகளைச் சிறப்புப்பாயிரத்தின்பாற்படுத்திக் கூறுவர். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் பெறாதது நூலெனப்படாது என்பது அவர் துணிபு.

இக்காலத்து மக்களிற் பெரும்பாலார் கண்டு களிக்கும் கலையாகிய திரைப்படத்துக்கும் ஒரு பாயிரம் உண்டு. படத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் திரையில் தோன்றும் பெயர் வரிசையே அது. ‘டைட்டில்’ என்றும் ‘எழுத்துப் போடுதல்’ என்றும் மக்கள் அதனை வழங்குவர். தொடக்க எழுத்து ஓடும்பொழுது இருக்கையைத் தேடுவதும், இறுதி எழுத்து ஓடும்பொழுது வாயிலை நாடுவதும் நம்மனோர் வழக்கமாகிவிட்டன. இவ்வெழுத்துக்களை அமர்ந்து காண்டல் இன்பமும் அறிவும் பயப்பது என்பதும், அவ்விரண்டினும் மேலாக அஃது ஓர் அறமும் ஆம் என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்புகுந்த கருத்தாம்.

முதற்கண் இதன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். பழைய அமெரிக்கப் படங்களிற் பெயர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சில அட்டைகளில் அடங்கிவிடும். நடிகர், கதையாசிரியர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், இயக்குநர் முதலாய சிலரே அவ்வட்டைகளில் இடம்பெற்றனர். தச்சரும் தையலரும் விளக்கமைப்போரும் பெரும்பாலும் பெயரின்றியே உழைத்தனர். பின்னர்த் தொழிலாளர் சங்கங்கள் ஒப்பந்த வாயிலாகப் பெயருரிமை பெற்றமையாலும், படத்தொழிலின் பிரிவுகள் பல்கினமையாலும் பட்டியல் நீண்டது; நீளவே, அதன் பெரும்பகுதி படத்தின் இறுதிக்குச் சென்றது. ஜார்ஜ் லூகாஸ் என்பார் 1977-இல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், பணியாற்றினோர் பெயரனைத்தையும் இறுதியில் வைத்தார். 1980-இல் அதன் தொடர்ச்சியாக வந்த படத்திலும் அவ்வாறே செய்தபொழுது, இயக்குநர் பெயர் முதலில் வரவில்லை என்று இயக்குநர் சங்கம் தண்டம் விதித்தது. அவர் தண்டத்தைச் செலுத்திவிட்டுச் சங்கத்தினின்றும் விலகினார். ஒரு பெயர் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதற்கே இத்துணை வழக்கு எழுமாயின், அப்பெயர் வெறும் எழுத்தன்று என்பது தெளிவு.

இனி, இவ்வெழுத்துக்களால் எய்தும் இன்பத்தைக் காண்போம். 1955-இல் ஆட்டோ பிரமிஞ்சர் இயக்கிய ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ என்னும் படம், போதை மருந்துக்கு அடிமைப்பட்ட ஒருவனின் கதையைக் கூறுவது. அதன் தொடக்க எழுத்தை அமைத்தவர் சால் பாஸ் என்னும் ஓவியர். கரிய தளத்தில் வெண்கோடுகள் தோன்றி, நகர்ந்து, பெயர்களுக்கு இடந்தந்து, முடிவில் கோணிய ஒரு கையாக உருமாறும். ஊசிக்கு அடிமையாகிய கை அது என்பது கதை செல்லச் செல்ல விளங்கும். அந்நாளில் படமாளிகைகள் பலவற்றில் பெயர்கள் ஓடிமுடியும் அளவும் திரைச்சீலையை விலக்காது வைத்தல் வழக்கமாம். எழுத்துத் தொடங்குமுன்னரே சீலையை விலக்குக என்னும் குறிப்பு இப்படச் சுருள்களோடு படமோட்டுவோர்க்கு அனுப்பப்பட்டது என்பர். 1958-இல் ஹிட்ச்காக் இயக்கிய ‘வெர்டிகோ’ படத்துக்கும் அவரே எழுத்தமைத்தார். ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து சுழலும் வடிவங்கள் எழுந்து வர, பெர்னார்டு ஹெர்மனின் இசையும் உடன் சுழல, உயரங் கண்டு தலைசுற்றும் நாயகனின் துயரம் கதை தொடங்குமுன்னரே நம்மைப் பற்றிக்கொள்ளும்.

எழுத்தின்றியும் பாயிரம் இயற்றிய ஒருவர் உளர். பிரெஞ்சு இயக்குநராகிய ட்ரூஃபோ 1966-இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தில் வாரா; ஒரு குரல் அவற்றைச் சொல்லிச் செல்லும். என்னை? அக்கதை நிகழும் நாட்டில் நூல்களை வைத்திருத்தல் குற்றமாகும். அவை கண்டவிடத்து எரிக்கப்படும். படிப்பு ஒழிந்த நாட்டின் கதைக்கு எழுத்து ஒழிந்த முகப்பு! நுதலிய பொருளைப் பாயிரமே உணர்த்தும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்பத்தோடு அறிவும் இவற்றால் வளரும். ஹாலிவுட் படங்களின் இறுதியில் ‘காஃபர்’ என்றொரு சொல் வரும். விளக்கமைப்போரின் தலைவரைக் குறிப்பது அது. ‘பெஸ்ட் பாய்’ என்பது அவருடைய முதல் துணைவரைக் குறிக்கும். சொல் சிறுவன் என்று நின்றாலும், அப்பணியிலுள்ளார் முதியவராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ‘ஃபோலி’ என்பது காலடியோசை, ஆடையின் சலசலப்பு முதலியவற்றைப் படத்தோடு பொருந்துமாறு ஒலிக்கூடத்தில் மீண்டும் செய்து பதியும் கலை. யுனிவர்சல் நிறுவனத்திற் பணியாற்றிய ஜாக் ஃபோலி என்பாரின் பெயரே அக்கலைக்கு ஆயிற்று. அது போலி ஒலியும் ஆதலின், நம் செவிக்கு அப்பெயர் சிறிது நகையும் விளைப்பது.

1941-இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் இறுதியில், இருபத்தைந்தே ஆண்டு நிரம்பிய இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தம் பெயரோடு ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் ஒரே அட்டையில் வைத்தார். அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஒருங்கே தெளிவுறத் தோன்றும் அப்படக் காட்சிகளைக் கண்டு வியந்தவர், அவ்வட்டையைக் கண்டபின் டோலண்டின் பிற படங்களைத் தேடிச் செல்வர். 1939-இல் வந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’, 1940-இல் வந்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ ஆகியவற்றிலும் அவர் கைத்திறனைக் காண்பர். ஓர் உரையாசிரியரின் நடையில் தோய்ந்தவர் அவர் உரைகண்ட பிற நூல்களையும் நாடுவதை ஒப்பது இது.

நிற்க. இவற்றினும் ஆழ்ந்ததொரு செய்தி உண்டு. பெயர் வரிசையில் உள்ளாரைப் போலவே, இல்லாதாரும் நம் கருத்துக்குரியர். 1961-இல் வந்து பத்து ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் இறுதி எழுத்தையும் சால் பாஸே அமைத்தார். நகரத்துச் சுவர்களிலும் கதவுகளிலும் கிறுக்கப்பட்டவைபோலப் பெயர்கள் தோன்றும் அவ்வழகு கண்ணைக் கவர்வது. ஆயின், நாயகியாக நடித்த நாடலி வுட்டுக்காகப் பாடிய மார்னி நிக்ஸன் என்னும் அம்மையாரின் பெயர் அச்சுவர்களில் யாண்டும் இல்லை. 1956-இல் ‘தி கிங் அண்டு ஐ’ படத்திலும், 1964-இல் ‘மை ஃபேர் லேடி’ படத்திலும் பிற நடிகையர்க்குக் குரல் தந்தபொழுதும் திரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. உலகமெல்லாம் கேட்ட குரலுக்கு உடையார் இன்னார் என்று உலகம் அறியாதிருந்தது.

இதனினும் கொடிது டால்டன் ட்ரம்போவுக்கு நேர்ந்தது. 1947-இல், பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு வினவியபொழுது விடைகூற மறுத்த பதின்மருள் இவர் ஒருவர். அதனாற் சிறை சென்றார். படநிறுவனங்களும் இவரை விலக்கிவைத்தன. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தினாரல்லர். 1953-இல் வந்த ‘ரோமன் ஹாலிடே’யின் கதை அவருடையது. திரையிலோ, அவர் நண்பர் இயன் மெக்லெல்லன் ஹண்டரின் பெயரே நின்றது. ஆஸ்கார் பரிசும் அப்பெயர்க்கே சென்றது. 1956-இல் ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்கு ‘ராபர்ட் ரிச்’ என்னும் புனைபெயரில் எழுதினார். பரிசு அறிவிக்கப்பட்டபொழுது அதனைப் பெற அப்பெயருடையார் வரவில்லை. அப்படி ஒருவர் இருந்தாலன்றோ வருவதற்கு! 1960-இல் ‘ஸ்பார்ட்டகஸ்’, ‘எக்ஸோடஸ்’ என்னும் இரு படங்களில் அவர் பெயர் மீண்டும் திரையேறியது. விலக்குப் பட்டியலின் வலி குன்றத் தொடங்கியமைக்கு அச்சில எழுத்துக்களையே அடையாளமாகக் கூறுவர். ‘பிரேவ் ஒன்’ பரிசு 1975-இல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். ‘ரோமன் ஹாலிடே’ பரிசோ 1993-இல் அவர் மனைவியாரிடம் அளிக்கப்பட்டது. அப்படத்துக்குரிய எழுத்தாளர் பெருமையைச் சங்கம் அவர்க்கு முழுமையாக மீட்டளித்தது 2011-இல்.

இலங்கையிற் படமாக்கப்பட்டு 1957-இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்கும் இக்குறை உண்டு. அதன் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ஆகிய இருவரும் விலக்கப்பட்டவர்களாதலின், மூல நாவலை எழுதிய பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரே திரைக்கதைக்கும் இடப்பட்டது. இருவர்க்கும் உரிய பரிசு 1984-இல் வழங்கப்பட்டபொழுது இருவரும் உயிரோடில்லை.

‘பல நூறு பெயர்கள் விரைந்தோடும் பட்டியலை எவர் படிக்க வல்லார்? படியாத பட்டியலால் என் பயன்?’ என்று வினவுவார் உளராகலாம். நம் முன்னோர் நடுகல்லில் வீரனின் பெயரையும் சிறப்பையும் பொறித்தனர். வழிச்செல்வார் அனைவரும் நின்று படிப்பர் என்று கருதியா பொறித்தனர்? உரியார்க்கு உரியதைச் செய்தலே அவர் நோக்கம். எனினும், நின்று படிப்பார் ஒருவரேனும் இருப்பின் அக்கல் வாழும். இந்நாளில் அவ்வொருவரும் அருகுகின்றனர். இல்லத்திலிருந்தே வலைவழிப் படம் காணும் வழக்கம் பெருகியபின், தொடக்க எழுத்தைத் தாண்டுதற்கு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017-இல் ஒரு பொத்தானை அமைத்தது. இறுதி எழுத்துத் தொடங்கியவுடன் அது சிறு கட்டமாகச் சுருங்க, அடுத்த படம் நம்மை அழைப்பதும் உண்டு. பெயரைப் போராடிப் பெற்றவர் பலர். அதனை ஒரு விரலால் நீக்குகின்றோம் நாம்.

பெயர் ஒழிந்தால் வரும் இழப்பு யாதென்பதைத் தமிழ் கற்பார்க்கு விரித்துரைக்க வேண்டா. குறுந்தொகைப் புலவருள் செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார் போன்றார்க்கு இயற்பெயர் தெரியாமையின், அவர்தம் பாட்டிலுள்ள தொடரையே பெயராக இட்டு வழங்கினர் தொகுத்தோர். பாட்டு நம்மிடம் உண்டு. பாடினார் பெயர் இல்லை. ஏடு தந்த குறை அது. நம்மால் நீக்க இயலாது. திரையிலோ பெயர்கள் நம் கண்முன் ஓடுகின்றன. எல்லாவற்றையும் படித்தல் அரிதாயின், ஒரு படத்துக்கு ஒரு தொழிலைத் தெரிந்துகொள்க. இன்று ஒலி, நாளை உடை, மறுநாள் ஒளி என்று அத்தொழிலுக்குரியார் பெயரை மட்டும் தேடிப் படிக்க. அதற்கு வேண்டுவது சில நிமிடங்களே. விளக்கேற்றியவுடன் எழுந்து செல்லாது அவ்வளவு பொழுது அமர்ந்திருத்தல், நம்மை மகிழ்வித்தார்க்கு நாம் செய்யக்கூடிய எளிய நன்றியாகும்.