வறட்சியும் குழந்தைகளும்: எத்தியோப்பியாவின் அநுபவம்

மழை பொய்த்தால் முதலில் வாடுவது பயிர். குழந்தை வாடுவதற்குச் சில மாதங்கள் ஆகின்றன. அந்த இடைக்காலத்தில் செய்யப்படும் உதவியே சிறந்த உதவியாகும். இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்ற நாடு கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. தொலைதூர நாடுகளில் பசியால் வாடும் குழந்தைகளுக்குத் தானியமும் பழந்துணியும் சேர்த்து அனுப்பினால் போதாதா என்று அங்கத்தினர்களுள் சிலர் நினைக்கக்கூடும். அவ்வினாவுக்கு விடையாக அந்நாட்டின் அநுபவத்தை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பஞ்சம் வரும் வழி

எத்தியோப்பிய மக்களுள் பெரும்பாலோர் சிறு குடியானவர்கள். வானம் பார்த்த சாகுபடியே மிகுதி. மேட்டு நிலங்களில் பெப்ரவரி முதல் மே வரை பெய்யும் சிறுமழையைப் 'பெல்க்' என்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பெருமழையைக் 'கிரெம்ட்' என்றும் வழங்குவர். மழை தவறியவுடன் தானிய விலை ஏறுகிறது. தானியம் வாங்கப் பணம் வேண்டி எல்லோரும் ஒரே சமயத்தில் ஆடுமாடுகளைச் சந்தைக்கு ஓட்டுவதால் கால்நடை விலை சரிகிறது. உழவெருதை விற்றுவிட்ட குடியானவன், மறு ஆண்டு நல்ல மழை பெய்தாலும் உழ இயலாதவனாகிறான். நெசவாளி தறியை விற்றுவிட்டு நிற்பதை ஒக்கும் இது.

அதன் பின்னர் வீட்டில் உணவு வேளைகள் குறைகின்றன. சிறுவன் பள்ளியினின்று நிறுத்தப்படுகிறான். சிறுமி குடத்துடன் நெடுந்தூரம் நீர் தேடி நடக்கிறாள். அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள காமோ மேட்டுநிலம் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைப் படிக்க வைப்பதாகக் கூறித் தலைநகரான அடிஸ் அபாபாவுக்கு அழைத்துச் சென்று, நாள் முழுவதும் தறியில் அமர்த்தும் கொடுமை பலகாலமாக நடந்து வந்துள்ளது. தறியினால் உயிர் வாழும் நாம் இச்செய்தியை மன வருத்தமின்றிப் படிக்க இயலாது.

1984-85ஆம் ஆண்டுகளில் வடபகுதியிலுள்ள திக்ரே, வொல்லோ முதலிய இடங்களில் பெரும்பஞ்சம் நேர்ந்தது. வறட்சியுடன் உள்நாட்டுப் போரும் அரசாங்கத்தின் தவறான கொள்கைகளும் சேர்ந்துகொண்டன. மாண்டவர் தொகை 4 லட்சம் முதல் 10 லட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. பிழைத்த குழந்தைகளையும் பஞ்சம் விட்டுவிடவில்லை. அக்காலத்தில் 3 வயதுக்கு உட்பட்டிருந்தோரைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததும், தொடக்கக் கல்வியை முடித்தவர் அவர்களுள் குறைவாக இருந்ததும் தெரிய வந்தன.

எருதை விற்குமுன் உதவி

ஒவ்வோர் ஆண்டும் பஞ்சம் முற்றிய பின் பிற நாடுகளிடம் தானியம் கேட்பதை விடுத்து, 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் உதவி நாடுகளுடன் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுதோறும் உணவுக் குறையுள்ள குடும்பங்களை ஊராரே தேர்ந்தெடுப்பர். வேலை செய்யக்கூடியவர்கள் சரிவுகளில் கல்வரப்பு கட்டுதல், குளம் வெட்டுதல், பாதை அமைத்தல் முதலிய பணிகளைச் செய்து பணமோ தானியமோ பெறுவர். முதியோரும் நோயாளிகளும் வேலையின்றியே உதவி பெறுவர். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தையுள்ள தாய்மார்களுக்கும் வேலையினின்று விலக்கு உண்டு. ஏறத்தாழ 50 லட்சம் பேருடன் தொடங்கிய இத்திட்டம் பின்னர் 70 லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்ந்தது. எருதை விற்க நேருமுன் உதவி சென்றடைய வேண்டும் என்பதே இதன் கருத்து. பணம் காலந்தாழ்ந்து சென்ற இடங்களில் பயனும் குறைந்தது.

பணமா, தானியமா? சந்தையில் தானியம் கிடைக்குமிடத்தில் பணமே நன்று. அறுவடைக் காலத்தில் இலவசத் தானியம் வந்து குவிந்தால் உள்ளூர்க் குடியானவனின் விளைச்சல் விலை வீழ்கிறது. பழந்துணி குவிந்தால் அவ்வூர் நெசவாளியின் சரக்கு தேங்குகிறது. சந்தையில் தானியமே இல்லாத இடத்திலோ பணத்தினால் பயனில்லை. அங்கே தானியம்தான் செல்லவேண்டும்.

குழந்தைக்கு மருந்தாகும் உணவு

நோயுற மெலிந்த குழந்தையைக் கண்டறியத் துலாக்கோலும் வேண்டுவதில்லை. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையின் மேற்கையை ஒரு நாடாவினால் அளப்பர். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உயிருக்கு ஆபத்து என்பது பொருள். முன்னாளில் இத்தகைய குழந்தையைத் தாயுடன் பல வாரங்கள் மருத்துவ நிலையத்தில் தங்கவைத்துச் சத்துப்பால் புகட்டுவர். தாய் அங்கிருக்க, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பார் யார்?

இக்குறையை நீக்கியது நிலக்கடலை விழுது, பால்மா, எண்ணெய், சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின்கள் சேர்ந்த ஒருவகைக் குழைவு. 92 கிராம் பொட்டலமொன்றில் 500 கலோரி சத்து உண்டு. தண்ணீர் கலக்க வேண்டுவதில்லையாதலின் அசுத்த நீரால் கெடுவதற்கு இடமில்லை. பசி உணர்வும் வேறு கடும் நோயின்மையும் உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே இதை ஊட்டலாம். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் பிறவும் இம்முறையை ஏற்றுக்கொண்டன. எத்தியோப்பியாவில் ஊர்தோறும் அமர்த்தப்பட்ட 30,000க்கு மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதனைக் குழந்தைகளிடம் கொண்டு சேர்த்தனர்.

2015இல் இரு பருவ மழையும் தவறின. மறு ஆண்டில் 1 கோடியே 2 லட்சம் பேருக்கு அவசர உணவு தேவையென மதிப்பிடப்பட்டது. துன்பம் பெரிதேயாயினும் 1984இல் கண்ட பெருஞ்சாவு நேரவில்லை. ஆயின் 2020 முதல் 2022 வரை திக்ரேயில் போர் மூண்டு உதவி செல்லும் வழிகள் அடைபட்டபோது, எந்தத் திட்டமும் குழந்தைகளைக் காக்கப் போதவில்லை. அமைதியின்றி உணவு ஊர் சேராது.

நாம் செய்யத்தக்கது

எத்தியோப்பிய ஊர்களில் 'இதிர்' என்னும் சங்கங்கள் உண்டு. அங்கத்தினர் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துவர். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் சங்கம் செலவை ஏற்கும். அவற்றுள் சில, தாய்தந்தையற்ற குழந்தைகளைப் பேணும் பணியையும் மேற்கொண்டுள்ளன. கூட்டுறவு என்பதை அம்மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை; அவர்கள் கூட்டிவைத்த நிதி வற்றும் காலத்தில் துணை நிற்றலே நம் கடன்.

ஆகவே, உதவ விரும்பும் அங்கத்தினர் மூன்றினைக் கருதுக. செய்தித்தாளில் எலும்புந்தோலுமான குழந்தையின் படம் வரும்வரை காத்திராது, மழை பொய்த்த செய்தி வந்தபொழுதே கொடுக்க. பொருளாக அன்றிப் பணமாகக் கொடுக்க. வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் நிலையத்துக்கே கொடுக்க. நம் சங்கக் கணக்கை நாம் எவ்வாறு கேட்கிறோமோ, அவ்வாறே அந்நிலையத்தின் கணக்கையும் கேட்பது அக்குழந்தைகளுக்கு நாம் செய்யும் உதவியின் ஒரு பகுதியே ஆகும்.